வாசலில் நிற்காதீர்கள், உள்ளே வாருங்கள்: பல்கலைக்கழகப் பொது விரிவுரைகள் பற்றிய கேள்வி பதில்

கொழும்பில் கலைப்பீடத் துறைகள் பொதுமக்களுக்காக விரிவுரைகளையும் செயலமர்வுகளையும் நடத்துகின்றன. வரலாறு, மொழி, இலக்கியம், மெய்யியல், கலை என்று பலவும் அவற்றில் அடங்கும். அவற்றில் நீண்டகாலம் வேலை செய்திருக்கிறேன்: சில நாள் பதிவு மேசையில், பல நாள் உரைபெயர்ப்பாளரின் கண்ணாடிக் கூண்டுக்குள். உங்கள் கேள்விகள் என் கைக்கு வந்து சேர்ந்த காரணம் அதுதான். வந்த ஒழுங்கிலேயே பதில் சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனை, ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர்: பிள்ளை, நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பல்கலைக்கழக வாசலில் காவலர் மறித்தால் என்ன சொல்வது?

விரிவுரைக்கு வந்தேன் என்று சொல்லுங்கள் ஐயா. மண்டபத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள், அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பதுதான் காவலருக்குத் தெரிய வேண்டும். என்ன படித்தீர்கள் என்பது அவருடைய கவலை இல்லை. அறிவித்தலில் 'அனைவரும் வருக' என்று போட்டிருந்தால் அந்த அனைவரில் நீங்களும் ஒருவர். முன்பதிவு கேட்டிருந்தால் மட்டும் பெயரைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கூச்சம் போக ஒரு விஷயம் சொல்கிறேன். இந்த நாட்டுக்குப் பல்கலைக்கழகம் தானாக வந்து இறங்கவில்லை. சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலானவர்கள் 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கம் அமைத்து, எழுதியும் பேசியும் கேட்டு வாங்கியது அது. 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1942இல் அது இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று. கொழும்புப் பல்கலைக்கழகம் இன்றைய வடிவில் தனித்து இயங்குவது 1979இலிருந்து. எல்லாம் பொதுப்பணம், உங்களுடையதும் அதில் இருக்கிறது. நிமிர்ந்து நடந்து வாருங்கள்.

வெள்ளவத்தை, இல்லத்தரசி: விரிவுரைக்கும் செயலமர்வுக்கும் என்ன வேறுபாடு? முதலில் எதற்குப் போகலாம்?

விரிவுரையில் காதுக்கு வேலை, செயலமர்வில் கைக்கு வேலை. நினைவுப் பேருரைக்கு முந்நூறு பேர் வந்தாலும் பரவாயில்லை; செயலமர்வில் இருபது பேரைத் தாண்டினால் கெட்டுப்போகும். ஆகவே அதற்கு முந்திப் பதிவு செய்ய வேண்டும். என்னைக் கேட்டால் செயலமர்வுக்கே முதலில் போங்கள் என்பேன். பேருரை கேட்டவர்களில் பலர் தலைப்பை மட்டும் நினைவில் வைத்திருப்பார்கள். கையால் ஒன்றைச் செய்தவர்கள் அதை மறப்பதில்லை.

கல்வெட்டுச் செயலமர்வு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பயிற்சிக்கென்று ஒரு கல் கொடுப்பார்கள். (அருங்காட்சியகக் கல்லில் நீங்களாகக் கை வைக்கக் கூடாது.) அதைத் தூரிகையாலும் தண்ணீராலும் துப்புரவாக்குவார்கள். நனைத்த தாளை மேலே விரித்து, கட்டை மயிர்த் தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துக் குழிகளுக்குள் இறக்குவார்கள். ஈரம் வற்றத் தொடங்கியதும் துணிப்பொதியால் மையை ஒற்றுவார்கள். குழிக்குள் இறங்கிய தாளில் மை படாது. சுற்றிலும் கறுப்பு, நடுவில் எழுத்து மட்டும் வெள்ளையாக எழும்பி வரும். மைப்படி எடுப்பது என்பது இதுதான். முதல்முறை அந்த வெள்ளை எழுத்து தெரியும்போது அறுபது வயதுக்காரரும் சத்தம் போடுவார்.

அதற்குப் பிறகுதான் சோதனை, வாசிக்க வேண்டும். பழைய கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருப்பதில்லை. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவம், ஒகரமும் ஓகாரமும் அப்படியே. துணைக்காலும் ரகரமும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். தகரத்துக்குப் பக்கத்தில் அந்த வடிவம் நின்றால் அதை 'தர' என்றும் வாசிக்கலாம், 'தர்' என்றும் வாசிக்கலாம், 'தா' என்றும் வாசிக்கலாம். முன்னும் பின்னும் உள்ள சொற்களை வைத்துத்தான் முடிவுகட்ட வேண்டும். எழுத்துத் தெரிந்தால் போதும் என்று வந்தவர்கள், மொழியும் தெரிய வேண்டும் என்று அந்த இடத்தில் கண்டுகொள்வார்கள்.

இதைக் கற்ற கையோடு கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்க் காலி மும்மொழிக் கல்வெட்டின் முன்னால் நின்று பாருங்கள். 1409ஆம் ஆண்டுக் கல் அது, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹவின் பயணத்தோடு வந்தது. 1911இல் காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்ததைக் கண்டெடுத்தார்கள். சீனப் பகுதி காணிக்கைகளைப் புத்தருக்குச் செலுத்துகிறது. தமிழ்ப் பகுதி தெவிநுவரையில் கோயில்கொண்டிருந்த தெனாவரை நாயனாருக்கு. சிதைந்துபோன பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபைச் சார்ந்தது. அனுப்பியவர் ஒரே பேரரசர், காணிக்கைப் பட்டியலும் ஏறத்தாழ ஒன்றே. எந்தக் கோபத்துக்கும் ஆளாகாமல் வியாபாரம் செய்யத் தெரிந்தவர்கள்!

தெஹிவளை, கணக்காளர்: எல்லாம் ஆங்கிலத்தில்தானே நடக்கிறது? தமிழ் மட்டும் தெரிந்த என் அம்மாவை அழைத்துவந்து என்ன பயன்?

உங்கள் ஆதங்கம் நியாயமானது. 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாயிற்று. அரசியலமைப்பில் இருப்பது மண்டபத்தின் ஒலிவாங்கிக்கு இறங்கி வரச் சில தலைமுறை பிடிக்கிறது. ஆனால் உங்கள் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. பதிவுப் படிவத்தில் 'உரைபெயர்ப்பு வேண்டுமா' என்று கேட்டிருந்தால் தமிழ் என்று எழுதுங்கள். கேட்கவில்லை என்றாலும் எழுதுங்கள். தமிழர்களில் பாதிப்பேர் 'எனக்கு ஆங்கிலம் விளங்கும்' என்று காட்டிக்கொள்ள அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். பிறகு ஏற்பாட்டாளர் கணக்குப் பார்த்து, தமிழ்க் கூண்டு தேவையில்லை என்று முடிவு செய்கிறார்.

கூண்டு இருக்கும் நாளில் அம்மாவுக்கு ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள். உள்ளே இருவர் இருப்போம்; இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வோம். அதற்குமேல் ஒருவரே தொடர்ந்தால் மூளை சொல்வதை நாக்கு கேட்காது. பேச்சாளர் கட்டுரையை முன்கூட்டியே தந்திருந்தால் நல்ல தமிழ் வரும். தராமல் வந்து, நடுவில் திடீரென்று கவிதை வாசித்தால், கூண்டுக்குள் நடப்பது உரைபெயர்ப்பு அல்ல, உயிர்ப்போராட்டம். அந்த ஐந்து நிமிடத்துக்கு அம்மாவிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பம்பலப்பிட்டி, உயர்தர மாணவி: அக்கா, இதற்கு வந்தால் பரீட்சைக்குப் பயன்படுமா?

புள்ளிக்கு நேரடியாக உதவாது தங்கச்சி. பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வர வேண்டாம், வீட்டில் இருந்து படியுங்கள். அதற்கு முன்னால் என்றால் ஒருமுறையாவது வந்து, பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் முடிந்துபோன விஷயத்தைப் பற்றி இரண்டு பேராசிரியர்கள் சண்டை பிடிப்பதைப் பாருங்கள்.

மட்டக்குளி, பெயர் குறிப்பிட விரும்பாதவர்: சான்றிதழ் தருவார்களா?

செயலமர்வுக்குச் சில இடங்களில் தருவார்கள். விரிவுரைக்கு இல்லை.

கொழும்பு 13, நூலகர்: மேடையில் நின்று ஒருவர் பேசுவதும் மற்றவர்கள் கேட்பதும் வெள்ளைக்காரர் கொண்டுவந்த பழக்கம் என்று என் நண்பர் வாதிடுகிறார். சரியா?

உங்கள் நண்பர் பாதி சரி. ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31, ஒரு வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். அதற்கு முன்னும் நம்மிடம் புராண படனம் இருந்தது. ஒருவர் வாசிக்க ஒருவர் பயன் சொல்வார், நடுவில் நூல் இருக்கும். நூலை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு பொருளை எடுத்து, கிழமை தவறாமல் சபைக்கு நேரே பேசுகிற முறையை நாவலர் மிஷன்காரரிடம் பார்த்தார். பார்சிவல் பாதிரியாரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர் அவர். எதிராளியின் ஆயுதத்தை எடுத்து அவருக்கே திருப்பினார். எடுத்த பிறகு அது நம்முடையதுதான்.

கொழும்பைப் பொறுத்தவரை, 1897 ஜனவரியில் விவேகானந்தர் மேலைநாட்டிலிருந்து திரும்பி இறங்கிய இடம் இந்த நகரம். திரும்பியபின் அவர் ஆற்றிய முதல் பொதுச் சொற்பொழிவும் இங்கேதான். பிறகு விபுலாநந்த அடிகள் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். துறவி, ஆசிரியர், இசை ஆராய்ச்சியாளர் மூவரும் அவர் ஒருவரே. கோயில் மண்டபத்துப் பேச்சும் பல்கலைக்கழக விரிவுரையும் அவரிடம் தனித்தனியாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நுகேகொடை, இளம் ஆசிரியர்: கேள்வி நேரத்தில் எழும்பப் பயமாக இருக்கிறது. எப்போதும் ஒரே பெரியவர் ஒலிவாங்கியை வாங்கிப் பத்து நிமிடம் பேசுகிறாரே, அவரை ஒன்றும் செய்ய முடியாதா?

அந்தப் பெரியவரை எல்லா மண்டபங்களிலும் கண்டிருக்கிறேன். 'என்னுடையது கேள்வி அல்ல, ஒரு சிறு கருத்து' என்று தொடங்குவார். சிறு கருத்து தம் பிறந்த ஊரில் தொடங்கி, தாம் எழுதிய நூலில் போய் முடியும். தலைவர் கண்டிப்பானவராக இருந்தால் இரண்டாவது நிமிடத்தில் 'உங்கள் கேள்வி?' என்பார். இல்லையென்றால் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

தம்பி, அவரை அடக்குவதற்கு ஒரே வழி, அவருக்கு முன்னால் நீங்கள் எழும்புவதுதான். பேச்சு நடக்கும்போதே கேள்வியைத் தாளில் ஒரே வாக்கியமாக எழுதிவையுங்கள். வாக்கியம் நீண்டால் அது இன்னும் கேள்வியாகவில்லை என்று பொருள். 'இதற்கு என்ன ஆதாரம்?', 'இது மலையகத்துக்கும் பொருந்துமா?', 'இதை மறுப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?' இந்த மூன்றில் ஒன்று எந்த விரிவுரைக்கும் பொருந்தும். நல்ல பேச்சாளர் நாற்பது நிமிடத்தில் சொல்லாததை ஒரு கேள்விக்குப் பதிலாக இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். அதற்காகவே நான் கடைசிவரை இருப்பேன். தமிழிலேயே கேளுங்கள், கூண்டுக்குள் இருப்பவர்களுக்கும் வேலை வேண்டும்.

வத்தளை, சனசமூக நிலையச் செயலாளர்: எங்கள் நிலையத்துக்கு ஒரு விரிவுரையாளரை அழைக்க விரும்புகிறோம். எப்படி?

துறைத் தலைவருக்குக் கடிதம் எழுதுங்கள், ஆறு கிழமையாவது முன்னதாக. யார் கேட்க வருகிறார்கள், என்ன வயது, எத்தனை பேர், எந்த மொழி என்று எழுதினால் அவர் பொருத்தமானவரை அனுப்புவார். போக்குவரத்துச் செலவை நீங்களே முன்வந்து குறிப்பிடுங்கள், அவர் வாயால் கேட்க வைக்காதீர்கள்.

அதைவிட முக்கியமானது நிகழ்ச்சி நிரல். மங்கல விளக்கேற்றல், தமிழ்மொழி வாழ்த்து, வரவேற்பு நடனம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரை இரண்டு, பேச்சாளர் அறிமுகம், பொன்னாடை. இதெல்லாம் முடிந்து பேச்சாளர் எழும்பும்போது மணி ஏழரை. வெள்ளவத்தைப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் அப்போது எழும்புகிறார்கள். விளக்கை ஏற்றுங்கள், ஒருவர் வரவேற்கட்டும், போதும். மிச்சப் பிரமுகர்களை முன்வரிசையில் உட்கார வைத்துப் பெயரைச் சொல்லிவிடுங்கள். கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

கொள்ளுப்பிட்டி, மென்பொருள் பொறியியலாளர்: வாய்மொழி வரலாறு பற்றிய செயலமர்வுக்குப் பதிவு செய்திருக்கிறேன். அதற்கு முன்பே அம்மம்மாவைப் பதிவு செய்யத் தொடங்கலாமா? 83 இனக்கலவரத்தைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

தொடங்குங்கள், அவருக்கு வயதாகிறது. ஆனால் 83ஐக் கேட்டுத் தொடங்க வேண்டாம். முதலில் வீட்டைக் கேளுங்கள்: எந்த ஒழுங்கை, பக்கத்து வீட்டில் யார், தண்ணீர்க் குழாய் எங்கே இருந்தது, எந்தக் கடையில் அரிசி வாங்கினார்கள், கடைக்காரரோடு எந்த மொழியில் பேசினார்கள். வீடு கண்முன் வந்துவிட்டால், அந்த வீட்டுக்கு என்ன நடந்தது என்பதை அவரே சொல்லக்கூடும். சொல்லாமலும் விடலாம். மௌனத்தைத் தோண்டுவது ஆராய்ச்சி ஆகாது.

எதற்காகப் பதிவு செய்கிறீர்கள், யார் கேட்கப்போகிறார்கள் என்று முதலிலேயே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். எந்த இடத்திலும் நிறுத்தலாம், பிறகு ஒரு பகுதியை நீக்கச் சொல்லலாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்துங்கள், அதன் இரைச்சல் முழுப் பதிவையும் கெடுக்கும். தொடக்கத்தில் திகதி, இடம், பெயர்களை நீங்களே சொல்லிப் பதியுங்கள். ஒரு மணி நேரத்துக்குமேல் இழுக்க வேண்டாம். அவர் ஆண்டைத் தவறாகச் சொன்னால் திருத்தாதீர்கள், குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள். முடிந்ததும் இரண்டு பிரதிகளை இரண்டு இடத்தில் வையுங்கள். குடும்பம் சம்மதித்தால் பிறகு ஒரு பிரதியை ஆவணக்காப்பகத்துக்குக் கொடுக்கலாம். 2005இலிருந்து நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிம வடிவில் சேர்த்துவருகிறது, அவர்களிடமும் கேட்டுப் பாருங்கள்.

பேச்சின் நடுவே பழைய படப் பெட்டி வெளியே வரும், எப்போதும் வரும். படங்களின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயர் எழுதுங்கள். பேனா வேண்டாம், ஒட்டுநாடா வேண்டாம், லாமினேட் செய்யவே வேண்டாம்.

வெள்ளவத்தை, பலர்: எப்படி வருவது?

கொழும்புப் பல்கலைக்கழகத்துக்கு என்றால், காலி வீதியில் 100 அல்லது 101 பஸ்ஸில் பம்பலப்பிட்டிச் சந்தியில் இறங்கி, பௌத்தாலோக மாவத்தையால் தும்முல்லைச் சந்திவரை நடக்கலாம். வெயில் என்றால் ஆட்டோ பிடியுங்கள். நேரத்தோடு வந்துவிட்டால் தேசிய சுவடிகள் திணைக்களமும் அருகில்தான். ஒல்லாந்தர் காலத்து ஆவணங்கள் இருக்கும் இடம்.

கொட்டாஞ்சேனை, அதே தபால் உத்தியோகத்தர்: பிள்ளை, தேநீர் உண்டா?

உண்டு ஐயா, பெரும்பாலும் பேச்சுக்குப் பிறகு, பற்றிஸோடு. தேநீர் நேரத்துக்கு மட்டும் சரியாக வந்து சேர்பவர்களின் முகங்கள் எங்களுக்குத் தெரியும். அவர்களுக்கும் கொடுக்கிறோம்.