காசு கொடுத்தவனுக்குத்தான் பூட்டு: கேள்வி பதில்

பிரிண்டர், மின்னூல், ஓடிடி, கேம், கார் என்று, விற்ற பிறகும் கம்பெனியே கட்டுப்படுத்தும்படி டிஜிட்டல் பூட்டுப் போட்டு விற்கப்படும் எதைப் பற்றியும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி பிரிண்டர். எதிர்பார்த்ததுதான். "எந்த மாடல் வாங்கலாம்" வகைக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு, மாதிரிக்கு ஒன்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

முரளி: சார், என் இங்க்ஜெட் பிரிண்டரில் ரொம்ப நாளாக வேறு கம்பெனி கார்ட்ரிட்ஜ்தான் போடுகிறேன். போன வாரம் ஏதோ அப்டேட் வந்தது. இப்போது அதே கார்ட்ரிட்ஜை "ஏற்க முடியாது" என்கிறது. கார்ட்ரிட்ஜ் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. அதைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் பொன்னிறத் தகடுகளோடு நகத்தளவு சிப் ஒன்று ஒட்டியிருக்கும். பிரிண்டர் பேசுவதெல்லாம் அந்தச் சிப்போடுதான். "நீ நம்ம ஆள்தானா?" என்று கேட்கும், எதிர்பார்த்த பதில் வந்தால்தான் அச்சடிக்கும். போன வாரம் வந்த அப்டேட் அந்தக் கேள்வியை மாற்றிவிட்டது. உங்கள் சிப்புக்குப் பழைய பதில்தான் தெரியும்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. பல இங்க்ஜெட்களில் "மை தீர்ந்தது" என்ற அறிவிப்பு மையை அளந்து வருவதில்லை. இதுவரை எத்தனை துளி தெளித்தோம் என்று எண்ணி, கணக்குப்படி இந்நேரம் தீர்ந்திருக்க வேண்டும் என்று அதுவாக முடிவு கட்டிவிடும். கார்ட்ரிட்ஜைக் குலுக்கினால் உள்ளே சளசளவென்று சத்தம் கேட்கும். திரையில் காலி என்று இருக்கும்.

இது உங்களுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. 2016 செப்டம்பரில் எச்பி நிறுவனத்தின் ஆபீஸ்ஜெட் பிரிண்டர்கள் உலகமெங்கும் பிற நிறுவன கார்ட்ரிட்ஜ்களை ஏறத்தாழ ஒரே நாளில் நிராகரிக்கத் தொடங்கின. கூச்சல் எழுந்த பிறகு, "சரியாகத் தெரிவிக்கவில்லை" என்பதற்கு மட்டும் வருத்தம் தெரிவித்தார்கள். செய்ததற்கு இல்லை. அதற்கும் முன்னால் லெக்ஸ்மார்க் என்ற பிரிண்டர் கம்பெனி. அமெரிக்காவில் 1998இல் ஒரு சட்டம் வந்தது: டிஜிட்டல் பூட்டை உடைப்பதே குற்றம். சினிமாவையும் இசையையும் காப்பதற்கென்று சொல்லிக் கொண்டுவந்தது. லெக்ஸ்மார்க் அதை எடுத்துக்கொண்டு, அதன் டோனருக்கு (லேசர் பிரிண்டரின் மைத்தூள்) சிப் செய்து விற்ற நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. 2004இல் மேல்முறையீட்டில் தோற்றது. பிறகு காப்புரிமை (பேட்டன்ட்) சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வேறொரு நிறுவனத்தோடு மோதி, 2017இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் அங்கேயும் தோற்றது. விற்ற பொருளின் மேல் காப்புரிமையைக் காட்டி அதிகாரம் செலுத்த முடியாது என்பது தீர்ப்பு. நீதிமன்றத்தில் முடியாததை இப்போது அப்டேட் செய்துகொடுக்கிறது.

சில மாடல்களில் பழைய ஃபர்ம்வேருக்கு (பிரிண்டருக்குள் இருக்கும் மென்பொருள்) திரும்பலாம், பலவற்றில் முடியாது. முடிந்தால் திரும்பிவிட்டுத் தானியங்கி அப்டேட்டை அணைத்துவிடுங்கள். பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தமும் இதே வழியில்தான் வருகிறது என்பது எனக்குத் தெரியும். மருந்தையும் விலங்கையும் ஒரே பொட்டலத்தில் அனுப்புவதுதான் இவர்களுடைய சாமர்த்தியம். அதனால் பிரிண்டரை இணையத்திலிருந்து எடுத்துவிட்டு யுஎஸ்பி கேபிளில் ஓட்டுங்கள். அப்புறம், எதை வாங்கினாலும் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் ரவுட்டரை ஒரு நாள் அணைத்துவிட்டு அந்தப் பொருளை ஓட்டிப் பாருங்கள். இதை இன்னும் பல முறை சொல்லப்போகிறேன்.

செல்வி: காசு கொடுத்து வாங்கிய மின்னூலைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா? என் கணவர் முடியாது என்கிறார்.

முடியும், எடுத்திருக்கிறார்கள். 2009 ஜூலையில் அமேசான், வாசகர்களின் கிண்டில்களுக்குள் புகுந்து சில நூல்களை அழித்தது. விற்றவருக்கு விற்கும் உரிமையே இல்லை என்று பின்னால் தெரிந்ததாம். பணத்தைத் திருப்பித் தந்தார்கள். அழிந்த நூல்களில் ஒன்று ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984'. வேண்டாத எழுத்தையெல்லாம் தீயில் போட்டு இல்லாமல் ஆக்கும் அரசைப் பற்றிய நாவல். ஒரு பள்ளி மாணவர் அதைப் படித்துக் குறிப்பு எழுதிவைத்திருந்தார். குறிப்புகள் தங்கிவிட்டன, எந்த வரிக்கு எழுதிய குறிப்பு என்று பார்க்கப் புத்தகம் இல்லை. அவர் வழக்குப் போட, நிறுவனம் சமரசத்துக்கு வந்தது.

மைக்ரோசாஃப்ட் 2019இல் மின்னூல் கடையையே மூடியது. பூட்டைத் திறக்கும் சர்வர் நின்றதும் எல்லோருடைய நூல்களும் போயின. பணம் திரும்பி வந்தது. நூலில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர். மாட்டை விற்றுவிட்டு மூக்கணாங்கயிற்றைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளும் வியாபாரம் இது. பூட்டில்லாத ஈபப், பிடிஎஃப் வடிவில் தரும் பதிப்பகங்கள் இருக்கின்றன. அவர்களிடம் வாங்கி, இரண்டு இடத்தில் நகல் வைத்துக்கொள்ளுங்கள். கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லலாம்.

கார்த்திக்: அண்ணா, கேமரா நல்லா இருக்கிற போன் ஒன்று சொல்லுங்களேன்.

மாட்டேன், தம்பி.

நூர்ஜஹான்: ஓடிடியில் உயர்ந்த சந்தாதான் கட்டுகிறேன். ஆனாலும் என் போனில் படம் மங்கலாகவே ஓடுகிறது. இணைய வேகம் நன்றாக இருக்கிறது. திரையும் முழு எச்டி. என்ன காரணம்?

ஆண்ட்ராய்டு போன் என்றால் பெரும்பாலும் வைட்வைன்தான் காரணம். இது கூகுளின் பூட்டு. இதில் எல்1, எல்3 என்று தரம் பிரித்திருக்கிறார்கள். எல்1 என்றால் பூட்டைத் திறக்கும் வேலையும் படத்தை விரிக்கும் வேலையும் பிராசசருக்குள் தனியாகப் பிரித்த பாதுகாப்பான பகுதியில் நடக்கும். எல்3 என்றால் வெறும் மென்பொருளில். எல்3 போன் எவ்வளவு நல்ல திரையோடு வந்தாலும், பெரிய ஓடிடிகள் 480பி என்ற குறைந்த தெளிவோடு நிறுத்திக்கொள்ளும். வைட்வைன் தரத்தைக் காட்டும் இலவசச் செயலிகள் இருக்கின்றன, ஒன்றைப் போட்டுப் பாருங்கள். போனைத் தொடக்கிவைக்கும் நிரலான பூட்லோடரைத் திறந்திருந்தால் எல்1இலிருந்து எல்3க்கு இறங்கியிருக்கவும் வாய்ப்புண்டு.

டிவியில் எச்டிஎம்ஐ வழியாகப் பார்ப்பவர்களுக்கு இதே தொல்லை எச்டிசிபி என்ற பெயரில் வரும். பெட்டியும் திரையும் கேபிள் வழியாகக் கைகுலுக்காவிட்டால் கறுப்புத் திரைதான். அந்த எச்டிசிபியின் தலைமைச் சாவி 2010இலேயே வெளியே கசிந்து, அதை உருவாக்கிய இன்டெல்லே ஆமாம் என்று ஒப்புக்கொண்டது. திருடுகிறவருக்கு அன்றே கதவு திறந்துவிட்டது. கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது சந்தா கட்டிய நீங்கள்.

அருள்: ஐயா, நான் இசைக்கலைஞன். பாட்டு வெளியான அன்று மாலையே ஏதாவது ஒரு குழுவில் இலவசமாகச் சுற்றுகிறது. நீங்கள் பூட்டே வேண்டாம் என்கிறீர்கள். இது திருடனுக்கு வக்காலத்து வாங்குவது.

உங்கள் கோபம் நியாயம்தான், அருள். ஒன்று கேட்கிறேன்: அந்தப் பாட்டு பூட்டோடுதானே வெளியானது? மாலைக்குள் பூட்டு என்ன ஆயிற்று? கேட்பவர் காதுக்குப் பாட்டுப் போக வேண்டுமானால் அவர் கருவிக்குள் சாவியும் போயாக வேண்டும். சாவியை அவர் வீட்டிலேயே ஒளித்துவைத்துவிட்டு, தேடாதே என்று சொல்வதுதான் இந்தத் தொழில்நுட்பம் முழுவதும். உலகத்தில் ஒரே ஒருவர் கண்டுபிடித்தால் போதும், மற்றவர்களுக்குப் பூட்டில்லாத நகல் கிடைத்துவிடும்.

உங்கள் துறையிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2002 வாக்கில் சில இசைத்தட்டுகளில் போட்ட காப்பு, தட்டின் விளிம்பில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு கிழித்தால் செயலிழந்தது. அதற்குப் பிறகு இன்னும் கடுமையாகப் போகலாம் என்று 2005இல் சோனி பிஎம்ஜி என்ற இசை நிறுவனம் ஒரு வேலை செய்தது. தட்டைக் கணினியில் போட்டால், அது பாட்டுக்கு ஒரு மென்பொருளை நிறுவும்; நிறுவியதை விண்டோஸின் கண்ணிலிருந்தே மறைக்கும். 'சிஸ்' என்ற ஆங்கில எழுத்துகளுக்கு முன்னும் பின்னும் டாலர் குறி போட்டுப் பெயர் தொடங்கும் எந்தக் கோப்பும் கண்ணுக்குத் தெரியாது. எந்தக் கோப்பும்! வைரஸ் எழுதுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? தங்கள் கோப்புக்கும் அதே பெயரை வைத்தார்கள். மார்க் ருசினோவிச் என்ற விண்டோஸ் நிபுணர் தன் கணினியில் தற்செயலாக இதைக் கண்டுபிடித்து அந்த அக்டோபர் கடைசியில் எழுதினார். நீக்குவதற்கென்று அவசரமாக வந்த கருவி இன்னொரு ஓட்டையைத் திறந்துவிட்டது. கடைசியில் தட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். இத்தனை அடியும் வாங்கியது யார்? கடைக்குப் போய்க் காசு கொடுத்துத் தட்டு வாங்கியவர். இலவசமாக இறக்கியவர் கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதே சோனிதான் 1984இல், வீட்டில் டிவி நிகழ்ச்சியைப் பதிவுசெய்து பிறகு பார்ப்பது தவறில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வாதாடி ஜெயித்தது. அப்போது அவர்கள் பதிவுக்கருவி விற்றார்கள். பிறகு இசைக் கம்பெனியும் சினிமாக் கம்பெனியும் வாங்கினார்கள்.

அருள்: அது பழைய கதை. இன்று ஓடிடியில் பூட்டு இல்லாவிட்டால் ஒரு மாதச் சந்தாவில் எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

வாடகைக்கு விடும் இடத்தில் பூட்டுப் போடுவதை நான் எதிர்க்கவில்லை. "வாங்குங்கள்" என்று பொத்தானில் எழுதிவிட்டு வாடகை நிபந்தனையை அடியில் ஒளிப்பதைத்தான் எதிர்க்கிறேன். விற்ற இசையில் பூட்டை எடுத்தால் என்ன ஆகும் என்று ஊகிக்கவும் வேண்டாம். 2007இல் இஎம்ஐ என்ற இசை நிறுவனம் எடுத்தது, 2009இல் ஆப்பிளின் ஐட்யூன்ஸ் கடையின் பாட்டுகள் பூட்டில்லாமல் ஆயின. வானம் இடிந்து விழவில்லை.

மீனா: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் கேம் தயாரிப்பில் இருக்கிறேன். வெளியான முதல் சில வாரங்களில்தான் விற்பனையின் பெரும்பகுதி. அதுவரை உடையாமல் பூட்டு தாங்கினால் எங்களுக்குப் போதும். நீங்கள் அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

அருள் சொன்னதைவிட இது வலுவான வாதம், மீனா. ஒப்புக்கொள்கிறேன். சில நிறுவனங்கள் கேமுக்குப் போடும் டெனுவோ என்ற பூட்டைச் சில மாதங்களில் தாங்களாகவே எடுத்தும் விடுகின்றன. அது நாணயமான பூட்டு. என் கேள்வி எடுக்காதவர்களைப் பற்றி. முதல் வாரத்துக்குப் போட்ட பூட்டு ஆறாவது வருடமும் ஏன் தொங்குகிறது? யூபிசாஃப்ட் 2024இல் 'தி க்ரூ' கேமின் சர்வரை நிறுத்தியது. தனியாக விளையாடுவதற்கும் சர்வர் தேவைப்படும்படி செய்திருந்ததால் தட்டை அலமாரியில் வைத்திருந்தவர்களுக்கும் அது செத்துப்போனது. அதற்குப் பிறகுதான் கலிஃபோர்னியாவில், விற்பது உரிமமா பொருளா என்று தெளிவாகச் சொல்லாமல் "வாங்குங்கள்" என்று போடக் கூடாது என்ற சட்டம் 2025இல் நடைமுறைக்கு வந்தது. விளம்பரத்தில் எழுதுவதைத்தான் அது மாற்றும், சர்வரைக் காப்பாற்றாது.

அருள்: ஆக, திருடலாம் என்று சொல்கிறீர்கள்.

மேலே எந்த வரியில் சொன்னேன் என்று காட்டுங்கள். காட்டிய பிறகு தொடர்வோம்.

தங்கராஜ்: சார், என் ஆல்-இன்-ஒன் பிரிண்டரில் மை இல்லையென்றால் ஸ்கேன்கூட எடுக்க மாட்டேன் என்கிறது. ஸ்கேனுக்கு மை எதற்கு?

எதற்குமில்லை. அங்கே தேவைப்படுவது உங்கள் பர்ஸ். சில மாடல்களில் தயாரிப்பாளரின் செயலியை விட்டுவிட்டு இயங்குதளத்தில் உள்ள ஸ்கேன் நிரலால் எடுத்தால் வேலை செய்யும். மீதிக்கு முரளிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பெயர் வேண்டாம்: டிவிடி பூட்டை உடைப்பது எப்படி? படிப்படியாகச் சொல்லுங்கள்.

செய்முறை சொல்ல மாட்டேன். உங்கள் நாட்டுச் சட்டம் என்ன என்று தெரியாமல் அதைச் சொல்வது உங்களுக்கும் நல்லதில்லை. வரலாறு வேண்டுமானால் சொல்கிறேன். அதன் பெயர் சிஎஸ்எஸ், வெறும் 40 பிட் சாவி. 1999இல் உடைந்தது. அதை உடைக்கும் நிரலில் பங்கிருந்த நார்வே இளைஞர் மேல் வழக்குப் போட்டு, 2003இல் அவர் விடுதலையானார். தான் வாங்கிய தட்டைத் தன் கணினியில் பார்ப்பது குற்றமில்லை என்றது நீதிமன்றம். இதற்குள் அந்த நிரலை டி-சர்ட்டில் அச்சடித்து மாட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

வாசுகி: பல்பு கம்பெனிகள் ஒன்றுசேர்ந்து பல்பின் ஆயுளைக் குறைத்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. வழக்கமான கட்டுக்கதைதானே?

இதில் வாட்ஸ்அப் ஜெயித்துவிட்டது. ஃபீபஸ் என்ற கூட்டணி 1924இல் ஜெனிவாவில் உருவானது. ஓஸ்ராம், பிலிப்ஸ் எல்லாம் அதில் இருந்தன. பல்பின் ஆயுள் 1,000 மணி என்று வைத்து, அதற்கு மேல் எரியும் பல்பைச் செய்த உறுப்பினருக்கு அபராதம் போட்டார்கள். ஆனால் அந்தச் செய்தி சொல்லாமல் விடும் பாதி ஒன்று உண்டு. இழை பல்பில் ஆயுளைக் கூட்டினால் அதே மின்சாரத்துக்கு வெளிச்சம் குறையும். ஆகவே 1,000 மணி என்பது பொறியியல்படி முட்டாள்தனமான எண் இல்லை. நன்றாக எரிய வைப்பதுதான் நோக்கம் என்றால் கூடுதலாக எரிந்ததற்கு எதற்கு அபராதம்?

ஜோசப்: பிரிண்டருக்கு மாதச் சந்தாவில் மை வாங்கினேன். சந்தாவை நிறுத்தியதும் உள்ளே இருக்கும் நிறைந்த கார்ட்ரிட்ஜும் வேலை செய்யவில்லை...

அது அவர்களுடைய மை. ஒப்பந்தத்தில் இருக்கிறது. இனி பிரிண்டர் கேள்விகளுக்குப் பதில் இல்லை.

சுதா: வீட்டு விளக்கு, கதவு எல்லாவற்றையும் போனிலிருந்து இயக்கும் கருவி வாங்கப்போகிறேன். "வாழ்நாள் சேவை இலவசம்" என்கிறார்கள். நம்பலாமா?

ரிவால்வ் என்று ஒரு கருவி, 300 டாலர் விலை, வாழ்நாள் சந்தா உள்ளடக்கம் என்றுதான் விற்றார்கள். 2014இல் அதை கூகுளின் நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியது. கருவி பழுதாகவில்லை, சும்மா நின்றுவிட்டது. வீட்டுக்குள் இருக்கும் விளக்கை அணைக்க வெளியே எங்கேயோ உள்ள சர்வரைக் கேட்கும் கருவியை வாங்காதீர்கள், சுதா. வீட்டுக்குள்ளேயே இயங்கும் ஜிக்பீ, மேட்டர் வகைக் கருவிகளைப் பாருங்கள். பார்த்துவிட்டு, ஆமாம், ரவுட்டரை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டு விளக்கு எரிகிறதா என்று சோதியுங்கள்.

இளங்கோ: காரில் இருக்கையைச் சூடாக்க மாதச் சந்தா கேட்டார்களாமே, நிஜமா? இல்லை கிண்டலுக்குச் சொன்னதா?

நிஜம். பிஎம்டபிள்யூ. 2022இல் சில நாடுகளில் செய்தார்கள். சூடாக்கும் கம்பி இருக்கைக்குள் ஏற்கெனவே இருக்கும், அதைச் சுமந்துகொண்டுதான் வண்டி ஓடும், போட சந்தா வேண்டும். ஆட்கள் திட்டிய திட்டில் 2023இல் இருக்கைக்கு மட்டும் கைவிட்டார்கள். ஓட்டுநர் உதவி மாதிரியான மென்பொருள் வசதிகளுக்கு விற்பனை தொடரும் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள்.