ரிப்போர்ட் நார்மல், கல்லீரல் எப்படி? கேள்வி பதில்

தர்மபுரியில் 31 வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் நான். கல்லீரல் நோய் உள்ளவர்களின் ரிப்போர்ட்டை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்விகளுக்கு இன்று பதில் சொல்கிறேன். கேட்பவரின் ஊர்ப் பெயர் முன்னால் இருக்கும். மருந்து, பத்தியம் இரண்டும் உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியவை.

அரூர்: அப்பாவுக்கு சிரோசிஸ் (கல்லீரல் வடுவாகி இறுகும் நோய்), சர்க்கரை இரண்டும் உண்டு. எச்பிஏ1சி (சில மாதச் சராசரி சர்க்கரை) 5.3, நார்மல் என்று வந்திருக்கிறது. ஆனால் வீட்டு மிஷினில் சாப்பிட்ட பிறகு 260 காட்டுகிறது. மிஷின் ரிப்பேரா மேடம்?

பதில்: மிஷினில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. இங்கே ஏமாற்றுவது பெரும்பாலும் எச்பிஏ1சி தான். சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அத்தனை நாளும் அதில் ஒட்டிய சர்க்கரையைத்தான் அந்தப் பரிசோதனை அளக்கிறது. சிரோசிஸில் பலருக்கு மண்ணீரல் வீங்கிவிடும். வீங்கிய மண்ணீரல் சிவப்பணுக்களைச் சீக்கிரமே அழித்துவிடும். ரத்தத்தில் மிஞ்சுவது இளசுகள். சர்க்கரை ஒட்ட அவற்றுக்கு நேரம் கிடைத்திருக்காது, அதனால் எண் பொய்யாகக் குறையும். ரத்த வாந்தி எடுத்து ரத்தம் ஏற்றியிருந்தால் இன்னும் மோசம், பாதி ரத்தம் யாருடையதோ. அதற்குப் பதிலாக, ரத்தப் புரதத்தில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும் ஃப்ரக்டோசமின் பார்க்கலாம் என்பார்கள். கல்லீரல் செய்யும் ரத்தப் புரதமான அல்புமின் குறைந்தவருக்கு அதுவும் சரியாக வராது. இன்னொன்று, கல்லீரலில் சேமிப்பு குறைவதால் இவர்களுக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை குறைவாகவும், சாப்பிட்ட பின் எகிறியும் இருக்கும். காலை அளவு மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். இரண்டு வேளையும் நோட்டில் எழுதி அந்த நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

காரிமங்கலம்: கல்லீரல் டெஸ்ட்டுக்கு வெறும் வயிறு வேண்டுமா?

பதில்: கட்டாயமில்லை. எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டுவிட்டு வந்தால் சீரம் பால் மாதிரி கலங்கும், அதை மட்டும் தவிருங்கள்.

கிருஷ்ணகிரி: அம்மாவுக்கு ஐஎன்ஆர் போன வாரம் 1.4. இந்த வாரம் வேறு லேபில் 1.8. ஒரே வாரத்தில் கல்லீரல் இவ்வளவு கெட்டுவிடுமா?

பதில்: ஐஎன்ஆர் என்பது ரத்தம் உறைய எவ்வளவு தாமதம் ஆகிறது என்று காட்டும் எண், கல்லீரல் கெட்டால் ஏறும். ஒரே வாரத்தில் கெடவும் செய்யலாம், ரத்தம் எடுத்த விதமும் காரணமாக இருக்கலாம். இந்தப் பரிசோதனைக்கு நீல மூடிக் குழாய். அதில் ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் மருந்து ஒரு பங்கு, ரத்தம் ஒன்பது பங்கு. நரம்பு கிடைக்கவில்லை என்று பாதிக் குழாயில் நிறுத்திவிட்டால் மருந்து மிஞ்சி, ரத்தம் உறையத் தாமதமாகி, ஐஎன்ஆர் பொய்யாக ஏறும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண்ணுக்கு 2.6 என்று ரிப்போர்ட் கொடுத்தோம். அவருக்கு நடக்க வேண்டிய சிகிச்சையைத் தள்ளிவைத்தார்கள். மறுநாள் குழாயைக் குறி வரை நிரப்பி எடுத்தபோது 1.3. அன்றிலிருந்து குறைந்த குழாயைத் திருப்பி அனுப்பத் தயங்கியதே இல்லை.

அப்புறம், ஐஎன்ஆர் கணக்கு, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்காக வகுத்தது. கல்லீரல் நோயில் லேபுக்கு லேப், ரசாயனத்துக்கு ரசாயனம் மாறும். ஒரே லேபில் ஒப்பிடுங்கள். மஞ்சள் காமாலை பித்தக் குழாய் அடைப்பால் வந்திருந்தால் வைட்டமின் கே குறைவாலும் ஐஎன்ஆர் ஏறும். வைட்டமின் கே ஊசி போட்ட பின் இறங்குகிறதா என்று டாக்டர் பார்ப்பார்.

பர்கூர்: கிரானைட் லோடு ஏற்றும் வேலை. குடிப்பழக்கம் இல்லை. எஸ்ஜிஓடி 96, எஸ்ஜிபிடி 50. கல்லீரல் கெட்டுவிட்டதா?

பதில்: இரண்டும் செல் உடைந்தால் ரத்தத்தில் ஒழுகும் நொதிகள் தம்பி. எஸ்ஜிஓடி கல்லீரலில் மட்டுமல்ல, தசையிலும் உண்டு. கடும் வேலைக்குப் பிறகு சில நாள் ஏறியே இருக்கும். நான்கைந்து நாள் ஓய்வெடுத்து மறுபடி பாருங்கள், கூடவே தசை உடைந்தால் ஏறும் சிபிகே டெஸ்ட்டும் கேளுங்கள்.

வத்தல்மலை: முகாமில் எடுத்த ரத்தத்தில் எஸ்ஜிஓடியும் பொட்டாசியமும் அதிகம் என்கிறார்கள்.

பதில்: பைக்கில் வெயிலில் குலுங்கிக் கீழே வந்த ரத்தமா? வழியில் சிவப்பணு உடைந்தால் இரண்டும் ஏறும், சீரம் இளஞ்சிவப்பாக இருக்கும். திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் நாள் கடத்த வேண்டாம், பொட்டாசியம் நிஜமாகவே அதிகம் என்றால் இதயத்துக்கு ஆபத்து.

பென்னாகரம்: ஏஎல்பி மட்டும் 290. மற்றதெல்லாம் நார்மல். கல்லீரலா?

பதில்: ஏஎல்பி என்ற நொதி கல்லீரலிலிருந்து மட்டுமல்ல, எலும்பிலிருந்தும் வரும். கூடவே எலும்பிலிருந்து வராத கல்லீரல் நொதியான ஜிஜிடி பாருங்கள். அது நார்மல் என்றால் பெரும்பாலும் எலும்புதான். உங்கள் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு உண்டு. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. வருடக்கணக்கில் அந்தத் தண்ணீர் குடித்து முதுகு, முட்டி இறுகிப் போனவர்களுக்கு ஏஎல்பி ஏறலாம். வைட்டமின் டி குறைவும் அதே வேலையைச் செய்யும். ஸ்கேனுக்கு ஓடும் முன் வலி எங்கே என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஊத்தங்கரை: அண்ணனுக்கு சிரோசிஸ். எஸ்ஜிபிடி 28 வந்துவிட்டது. இனி கொஞ்சம் குடிக்கலாமா?

பதில்: கூடாது. எஸ்ஜிபிடி என்பது உடையும் செல்லிலிருந்து ரத்தத்தில் ஒழுகுவது. வடுவாகிப்போன கல்லீரலில் உடைவதற்குச் செல் குறைவு, அதனால் எண்ணும் குறைவு. ரிப்போர்ட்டில் அளவு மீறியதைக் காட்டும் தடித்த எழுத்து இல்லை என்றால் கல்லீரல் நலம் என்று பொருள் இல்லை. அண்ணனுக்கு அல்புமின், பிலிருபின் (காமாலையில் ஏறும் மஞ்சள் நிறமி), ஐஎன்ஆர், தட்டணு (ரத்தம் உறைய உதவும் அணு) இந்த நான்கும் எப்படி என்று பாருங்கள்.

பாலக்கோடு: நீங்கள் சொல்வது இருக்கட்டும் மேடம். தம்பிக்கு மஞ்சள் காமாலை. கீழாநெல்லி கொடுத்தோம். எஸ்ஜிபிடி 1900 இருந்தது, பன்னிரண்டு நாளில் 160. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பதில்: கீழாநெல்லி மேல் எனக்குக் கோபம் இல்லை. ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலோருக்குத் தானாகவே இறங்கும், இலை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். எண் இறங்கியதை மட்டும் வைத்து மருந்துக்கு நல்ல பெயர் கொடுக்க முடியாது.

ஊத்தங்கரை: எங்கள் பாட்டி கை வைத்தியத்தில் ஊரே பிழைத்தது. லேப்காரர்களுக்கு இதெல்லாம் புரியாது.

பதில்: புரியாமல் இல்லை. பிழைத்தவர்கள் வந்து சொல்வார்கள், பிழைக்காதவர்கள் வந்து சொல்ல மாட்டார்கள். அவர்களுடைய ரத்தத்தையும் பார்த்தவள் நான்.

பென்னாகரம்: பாலக்கோடு அண்ணா, பிலிருபின் எவ்வளவு என்று சொல்லவில்லையே?

பாலக்கோடு: முதலில் 9. நேற்று 18. ஐஎன்ஆர் 2.4. இரண்டு நாளாகப் பகலெல்லாம் தூங்குகிறான், ராத்திரி புலம்புகிறான். காமாலை அசதி என்று நினைத்தோம்.

பதில்: மற்ற கேள்விகள் நிற்கட்டும். இதைக் கவனமாகப் படியுங்கள். எஸ்ஜிபிடி இறங்குகிறது, பிலிருபினும் ஐஎன்ஆரும் ஏறுகின்றன. இது குணம் இல்லை. உடைவதற்குச் செல் மிச்சமில்லாமல் போகும்போது வரும் இறக்கமாக இருக்கலாம். பகல் தூக்கமும் இரவுப் புலம்பலும் கல்லீரல் நோய் மூளையைத் தொட்டுவிட்டதற்கான அறிகுறி. இப்போதே 108-ஐக் கூப்பிடுங்கள். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், அங்கிருந்து எங்கே அனுப்ப வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்வார்கள். தூக்க மாத்திரை, வலி மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள். கொடுத்த பச்சிலை, மாத்திரை எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பாலக்கோடு: அம்மோனியா டெஸ்ட் எடுத்துவிட்டுப் போகலாமா?

பதில்: வேண்டாம். அம்மோனியா என்பது கல்லீரல் சுத்தம் செய்யாமல் ரத்தத்தில் சேரும் கழிவு. அதை அளக்க ரத்தத்தை ஐஸில் வைத்து உடனே பிரிக்க வேண்டும், தாமதமானால் எண் தானாக ஏறும். அந்த எண்ணுக்காகக் காத்திருக்க நேரம் இல்லை. கிளம்புங்கள்.

ஓசூர்: குழந்தை எலி பேஸ்ட்டை விரலில் தொட்டு நக்கிவிட்டது. அன்றைக்கே எடுத்த டெஸ்ட் நார்மல். விட்டுவிடலாமா?

பதில்: விடவே கூடாது. அந்த பேஸ்ட்டில் மஞ்சள் பாஸ்பரஸ் இருந்தால் முதல் நாள் ரத்தம் சுத்தமாகத்தான் இருக்கும், கல்லீரல் சில நாள் கழித்துத்தான் விழும். டப்பாவோடு இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், திரும்பத் திரும்ப டெஸ்ட் எடுக்க வேண்டும்.

தேன்கனிக்கோட்டை: அப்பாவுக்கு வயிற்றில் நீர். கிரியாட்டினின் 0.9 நார்மல். கிட்னி நல்லா இருக்குதானே?

பதில்: மறுபடியும் 'நார்மல்'. கிரியாட்டினின் தசையிலிருந்து வந்து கிட்னி வெளியேற்றும் கழிவு. கை கால் மெலிந்தவருக்கு அது குறைவாகத்தான் வரும், கிட்னி பாதி கெட்ட பிறகும் 0.9 காட்டலாம். பிலிருபின் அதிகம் என்றால் பிக்ரேட் என்ற ரசாயனத்தைக் கொண்டு அளக்கும்போது இன்னும் குறைத்துக் காட்டும். பழைய ரிப்போர்ட்டில் 0.5 இருந்ததா என்று தேடுங்கள். இருந்தால் 0.9 என்பது ஏற்றம். சிறுநீர் அளவு குறைகிறதா என்றும் பாருங்கள்.

பாப்பிரெட்டிப்பட்டி: எஸ்ஜிபிடி 35, ஆகவே கல்லீரல் சரி தானே?

பதில்: எஸ்ஜிபிடி 28 என்று கேட்ட ஊத்தங்கரைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

காவேரிப்பட்டணம்: ஏஎஃப்பி நார்மல். கேன்சர் இல்லை தானே?

பதில்: ஏஎஃப்பி என்பது கல்லீரல் கேன்சரில் ஏறக்கூடிய புரதம். சிறிய கட்டியில் அது நார்மலாகவே இருக்கலாம். சிரோசிஸ் உள்ளவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் வேண்டும்.

ஓசூர்: எந்த லேப் நல்லது?

பதில்: பெயர் சொல்ல மாட்டேன். லேப் தரத்துக்கான என்ஏபிஎல் அங்கீகாரம் உண்டா, வேலூர் சிஎம்சி நடத்துவது போன்ற வெளித்தரப் பரிசோதனையில் (வெளியிலிருந்து வரும் மாதிரியைச் சோதித்துத் தரம் பார்ப்பது) சேர்ந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். குறைந்த குழாயைத் திருப்பி அனுப்புகிற லேப் என்றால் நம்பிப் போங்கள்.

பாலக்கோடு: ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டோம் மேடம். பழைய ரிப்போர்ட்டும் வேண்டுமா?

பதில்: எல்லாமே வேண்டும். தேதி வரிசையாக அடுக்கி, பிலிருபின், ஐஎன்ஆர் இரண்டையும் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுங்கள். போய்ச் சேர்ந்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள், அதுவரை நான் இருக்கிறேன்.