கேள்வி-பதில்: ரேடியேட்டர் விசிறியும் பில் இல்லாத ரிலேயும்

கேள்வி: என் பழைய அம்பாசடர் கோடையில் சூடாகிறது. மின்விசிறி ஒன்று வாங்கி டாஷ்போர்டு ஸ்விட்ச் வழியாக நேரே இணைத்தேன். மூன்றாம் நாளே ஸ்விட்ச் உருகிவிட்டது. விசிறியில் கோளாறா? (வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: விசிறியில் குற்றமில்லை. 180 வாட் விசிறி 12 வோல்ட்டில் 15 ஆம்பியர் இழுக்கும். சுழலத் தொடங்கும் கணத்தில் அதைவிடவும் மிகுதியாக இழுக்கும். சிறு விளக்குக்கென்று செய்த ஸ்விட்ச் அதைத் தாங்காது. நடுவே ஒரு ரிலே வேண்டும்; சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தை இயக்கும் ஸ்விட்ச் அது. பேட்டரியிலிருந்து வரும் கனத்த ஒயர் ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30 என்ற முனைக்கு வந்து, 87 என்ற முனையிலிருந்து விசிறிக்குச் செல்ல வேண்டும். ரிலேயை இயக்கும் 85, 86 ஆகிய முனைகளில் ஓடுவது கால் ஆம்பியருக்கும் குறைவு என்பதால், அங்கே உங்கள் ஸ்விட்ச் போதும். தண்ணீரின் சூட்டை அறிந்து தானே இயங்கும் தெர்மோ ஸ்விட்ச் இன்னும் நல்லது, ஏனெனில் மலைச்சாலையில் கை மறந்துபோகும்.

கேள்வி: ஃபியூஸ் இல்லாமல் இணைக்கலாமா? (வாசகர், மேலப்பாளையம்)

பதில்: கூடாது. ஒயர் தேய்ந்து பாடியைத் தொட்டால் வண்டி எரியும். ஃபியூஸைப் பேட்டரியை ஒட்டியே போடுங்கள்.

கேள்வி: நான்குவழிச் சாலையில் வேகமாகப் போனால்தான் சூடேறுகிறது. விசிறி மாட்டியதிலிருந்துதான் இப்படி. (வாசகர், நாங்குநேரி)

பதில்: சிவப்பையும் கறுப்பையும் மாற்றி இணைத்திருப்பீர்கள். விசிறி எதிர்ப்பக்கம் சுழன்று, எதிரே வரும் காற்றோடு மல்லுக்கட்டுகிறது. வண்டியை நிறுத்தி, விசிறியை மட்டும் ஓடவிட்டு, ரேடியேட்டரின் முன்புறம் ஒரு தாளைப் பிடியுங்கள், ஒட்டிக்கொள்ள வேண்டும். பெட்டிக்குள் இருந்த குறிப்புச்சீட்டைப் படித்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை இருந்திராது.

கேள்வி: வாங்கிய ஒன்பதாம் நாள் விசிறி நின்றுவிட்டது. கடைக்கார அண்ணாச்சி, "விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை" என்கிறார். கேட்டும் பில் தரவில்லை. (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: உங்கள் கோபம் முற்றிலும் நியாயமானது. பில் தராததும், பழுதான பொருளைக் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நியாயமற்ற வணிக நடைமுறைகள். சுவரில் என்ன எழுதி ஒட்டியிருந்தாலும் சட்டம் மாறாது. '40 ஆம்பியர்' என்று அச்சிட்ட ரிலே ஒன்றை நானும் பில் இல்லாமல் வாங்கினேன். பாபநாசம் மலையேற்றத்தில் அதன் சாக்கெட் உருகி, குடும்பத்தோடு இரண்டு மணி நேரம் சாலையோரம் நின்றேன். திரும்பிப் போனபோது, "இது எங்கள் சரக்கே இல்லை" என்றார்கள். என்னிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. நம் ஊரில் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு உதிரிப்பாகம் விற்றுவிட்டு, விலையை அட்டைத்துண்டில் கிறுக்கிக் கொடுக்கிறார்கள். நாமும் அறிமுகமான கடை என்று வாய்மூடி வருகிறோம். விசிறியின் வாட், ரிலேயின் ஆம்பியர், உத்தரவாத நாள் ஆகிய மூன்றையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். உங்களுக்கு இன்னும் வழி இருக்கிறது: கைபேசியில் பணம் செலுத்திய பதிவும் அட்டைப்பெட்டியும் சான்றாகும். பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்டில் கடைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இலும் புகார் சொல்லுங்கள். அசையாவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை. வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

கேள்வி: இணையத்தில் வாங்கினேன், விற்றவர் டெல்லியில் இருக்கிறார். வழக்குக்கு அங்கே போக வேண்டுமா? (வாசகர், வள்ளியூர்)

பதில்: வேண்டாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம்.