மேயரும் சாக்கடையும்

அன்புள்ள ஐயா,

நியூஜெர்சியில் வசிக்கிறேன். சோஷலிஸ்டான ஜோரான் மம்தானி நியூயார்க் மேயர் தேர்தலில் ஜெயித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள் அலுவலக நண்பர், "சோஷலிசம் எங்கேயும் உருப்பட்டதில்லை, பணக்காரர்கள் மூட்டை கட்டிவிடுவார்கள்" என்றார். காசா, மதம், டிரம்ப் என்று பேச்சு வளர்ந்து, இப்போது நாங்கள் பேசிக்கொள்வதில்லை. ஒரு பெருநகரத்தில் சோஷலிசம் சாத்தியம்தானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் அந்த நண்பரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். இன்னொரு ஊர் மேயருக்காக நட்பை முறித்துக்கொள்வது அசட்டுத்தனம். பணக்காரர்கள் ஓடுவார்களா என்பது அவர்கள் பாடு. வருமான வரியை மேயர் தனியாக உயர்த்திவிட முடியாது. மாநிலத் தலைநகரான ஆல்பனியில் சட்டமன்றமும் ஆளுநரும் மனது வைக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் தந்திருக்கிறேன். மூன்று பக்கம் எழுதியிருந்தீர்கள். அதில் பஸ் என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. வாடகையும் இல்லை. எனக்கு எரிச்சல் வந்தது அங்கேதான். மம்தானி மாதக்கணக்கில் தொண்டை வறளப் பேசியது எதைப் பற்றி?

2025 ஜூனில் நான் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் மகள் வீட்டில் இருந்தேன். மேயர் வேட்பாளரைக் கட்சிக்குள் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல் வாரம், அனல் பறக்கும் வெயில். மூன்றாம் மாடிக்கு மூச்சிரைக்க ஏறி வந்து மம்தானிக்கு ஓட்டுக் கேட்டுக் கதவைத் தட்டினாள் ஒரு பெண், இருபது வயதுகூட இருக்காது. எனக்கு இங்கே ஓட்டு இல்லையம்மா என்றேன். பரவாயில்லை, இங்கே உங்களுக்கு எது சிரமமாக இருக்கிறது என்று கேட்டாள். எனக்கென்ன சிரமம், விருந்தாளி. ஆனாலும் பஸ் வரவே மாட்டேன் என்கிறது என்றேன். எந்தப் பஸ், எத்தனை நிமிடம், எந்த நிறுத்தம் என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். தண்ணீர் கொடுத்தேன். இரண்டு டம்ளர் குடித்துவிட்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டப் போனாள். அவள் வாயில் சோஷலிசம் என்ற சொல் வரவேயில்லை. அவளுக்குத்தான் அது புரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

சோஷலிசம் சாத்தியமா என்று கேட்டீர்கள் அல்லவா? மில்வாக்கி என்ற அமெரிக்க ஊரைப் பற்றி யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்களா? 1910-இல் எமில் சைடல் அங்கே சோஷலிஸ்ட் மேயரானார். அப்புறம் டேனியல் ஹோன் 1916 முதல் 1940 வரை, இருபத்து நான்கு வருடம். பிறகு ஃபிராங்க் சைட்லர் 1948 முதல் 1960 வரை. புரட்சி எதுவும் வரவில்லை. குழாயில் நல்ல தண்ணீர் வந்தது, பூங்கா வந்தது, சாக்கடை வந்தது. 1926-லிருந்து ஊரின் கழிவையே உரமாக்கி விற்றார்கள். மிலோர்கனைட் என்று இன்றும் மூட்டையில் கிடைக்கிறது. (உங்கள் நண்பர் சொன்ன மூட்டை இல்லை, இது வேறு மூட்டை.)

இவர்களைச் 'சாக்கடை சோஷலிஸ்டுகள்' என்று கேலி செய்தவர் வலதுசாரி இல்லை. மாரிஸ் ஹில்க்விட் என்ற சோஷலிஸ்ட்தான் என்பார்கள். 1917-இல் இதே நியூயார்க்கில் மேயர் பதவிக்கு நின்று, ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டு வாங்கித் தோற்றவர். கோட்பாட்டில் கெட்டிக்காரர், தன் தோழர்கள் சதா சாக்கடையைப் பற்றிப் பெருமையடிப்பது பொறுக்கவில்லை. அவர்களோ அந்தக் கேலியைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்கள். உங்கள் மூன்று பக்கத்தையும் படித்தபோது எனக்கு ஹில்க்விட் ஞாபகம்தான் வந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மம்தானி சொன்னதும் சாக்கடை ரகம்தான்: வாடகையை உயர்த்தாமல் நிறுத்துவேன், பஸ்ஸை இலவசமாக்குவேன் என்றார். கிட்டத்தட்ட பத்து லட்சம் வீடுகளின் வாடகையை ஒரு வாரியம் நிர்ணயிக்கிறது. அதன் ஒன்பது உறுப்பினர்களையும் நியமிப்பவர் மேயர். அதனால் அது நடக்கலாம். முன்பும் சில வருடம் உயர்வே இல்லாமல் நிறுத்தியிருக்கிறார்கள். பஸ் அப்படியில்லை. அது மாநிலத்தின் போக்குவரத்து அமைப்பான எம்டிஏ கையில். 2023-இல் ஐந்து தடங்களில் டிக்கெட் இல்லாமல் ஓட்டிப் பார்த்தார்கள், மறு வருடம் நின்றுபோனது. கொண்டாடியபோதோ சண்டை போட்டபோதோ உங்கள் இருவரில் ஒருவராவது இதைக் கேட்டீர்களா?

நண்பரைக் கூப்பிடும்போது கொள்கையை எடுக்காதீர்கள். ஆபீசுக்கு எதில் வருகிறார், எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று கேளுங்கள். நிறுத்தத்தின் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.