‘லூசிங் கிரவுண்ட்’ கேள்வி பதில்

கே: யார் எடுத்த படம் சார்? என்ன கதை?

ப: கேத்லீன் காலின்ஸ், 1982. நியூயார்க் சிட்டி காலேஜில் சினிமா சொல்லிக்கொடுத்தவர். சாரா தத்துவப் பேராசிரியை, கணவன் விக்டர் ஓவியன். கோடைக்கு ஊருக்கு வெளியே வீடு எடுக்கிறார்கள். அவன் அங்கிருக்கும் புவெர்ட்டோ ரிக்கோப் பெண்களை வரையக் கிளம்பிவிடுகிறான். பரவசம் பற்றி ஆய்வு எழுதும் அவளுக்கோ நூலகம் வேண்டும்.

கே: கறுப்பினப் பெண் இயக்கிய முதல் முழுநீளப் படம் இதுதானே?

ப: இல்லை. ஜெஸ்ஸி மேப்பிளின் ‘வில்’ 1981-லேயே வந்துவிட்டது. ‘முதல் சில படங்களில் ஒன்று’ என்று எழுதுங்கள், வம்பில்லை.

கே: கறுப்பினப் படம் என்கிறீர்கள், போலீஸ், வறுமை, போராட்டம் எதையும் காணோமே?

ப: இதைத்தான் எதிர்பார்த்தேன். காலின்ஸ் போராட்டம் தெரியாதவர் இல்லை. 1962-ல் ஜார்ஜியாவுக்குப் போய்க் கறுப்பின மக்களை வாக்காளர்களாகச் சேர்க்கும் வேலை பார்த்தவர். தெரிந்தேதான் இதை எடுத்தார். முதல் காட்சியைப் பாருங்கள். வகுப்பில் சாரா இருத்தலியம் நடத்துகிறாள். வாழ்க்கைக்கு அர்த்தமில்லை என்பதைக்கூட ஒரு முடி கலையாமல் சொல்கிறாள். வகுப்பு முடிந்ததும் மாணவன் வந்து பாராட்டிவிட்டு, அவள் கணவனைப் பற்றிப் பேச்செடுக்கிறான். அவள் என்ன நடத்தினாலும் பேச்சு கடைசியில் அங்கேதான் போய் நிற்கிறது. கறுப்பினப் பெண்ணுக்கு மூளை உண்டு, அலுப்பு உண்டு, பொறாமை உண்டு என்று காட்ட போலீஸ் வண்டி எதற்கு? வெள்ளைக்காரத் தம்பதி சண்டை போட்டால் இந்தக் கேள்வியைக் கேட்பீர்களா?

கே: மாணவன் எடுக்கும் குறும்படத்தில் சாராவோடு நடிக்கும் டூக்காக வருபவரை எங்கேயோ பார்த்திருக்கிறேன்.

ப: டுவேன் ஜோன்ஸ். 1968-ல் வந்த ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ நாயகன். விக்டராக நடித்த பில் கன் இயக்கிய ‘கஞ்சா அண்ட் ஹெஸ்’ படத்திலும் அவர்தான்.

கே: கடைசியில் சாரா கணவனைச் சுட்டுவிடுகிறாளே, அது நியாயமா?

ப: ஐயா, அவள் சுடுவது கணவனை இல்லை. மாணவன் எடுக்கும் குறும்படத்தில், துரோகம் செய்த காதலனாக நடிக்கும் டூக்கை. ‘ஃபிராங்கி அண்ட் ஜானி’ என்ற பழைய நாட்டுப்பாடல் கதை அது. கணவன் ஓரமாக நின்று பார்க்கிறான்.

கே: உருவகமாகக் கணவனைத்தானே சுடுகிறாள்?

ப: சரி, அதை ஒத்துக்கொள்ளலாம். ஆனால் எனக்கு அந்தத் துப்பாக்கியைவிட அவன் நிற்கும் இடம்தான் முக்கியம். அதுவரை பார்ப்பதும் வரைவதும் அவன் வேலை. இப்போது அவளை வேறொருவன் படம்பிடிக்கிறான், இவன் வேடிக்கை பார்க்கிறான். பரவசத்தைப் புத்தகத்தில் தேடியவளுக்கு அது அங்கே கிடைத்ததா, வெறும் கோபம்தானா என்று இன்னும் எனக்குக் குழப்பம்தான்.

கே: நடிப்புக்கு நடுவே நிஜமாகவே சுட்டிருந்தால்?

ப: விடுங்கள் ஐயா.

கே: எப்போது தியேட்டருக்கு வந்தது?

ப: காலின்ஸ் உயிரோடு இருந்தவரை முறையாக வெளியாகவே இல்லை. 1988-ல், 46 வயதில், மார்பகப் புற்றுநோயில் போய்விட்டார். மகள் நினா மீட்டெடுத்து 2015-ல் நியூயார்க்கில் திரையிடச் செய்தார்.

கே: முதல் கறுப்பினப் பெண் இயக்குநர் இவர்தானே?

ப: மேலே இரண்டாவது பதில்.

கே: டெலிகிராம் லிங்க் கிடைக்குமா?

ப: கிடைக்காது. மங்கலான பழைய பிரதியில் பார்த்தால் விக்டரின் ஓவியங்களில் பச்சையும் சேறாகத்தான் தெரியும். மீட்டெடுத்த பிரதியைத் தேடுங்கள்.