பறக்கிற மான்ஸ்டரைத் தட்டி விழவைப்பது: கேள்வி பதில்

பதில்கள் டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) என்ற, பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர விளையாட்டின் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளை வைத்து. 2024 புத்தகம் வைத்து ஆடுகிறவர்கள் கேள்வியிலேயே சொல்லிவிடுங்கள்.

மார்த்தாண்டம்: அண்ணே, 100 அடி உயரத்தில் பறந்த வைவர்னை (இறக்கையுள்ள டிராகன் வகை) என் பேட்டில் மாஸ்டர் வீரன் அம்பால் ட்ரிப் அட்டாக் (தட்டி விழவைக்கும் தாக்குதல்) போட்டான். அம்பு ட்ரிப் பண்ணாது என்கிறார் ஆட்டத்தை நடத்தும் டி.எம்.

பண்ணும் தம்பி. ஆயுதத் தாக்குதல் பட்டால் போதும், வில்லும் ஆயுதம்தான். வைவர்ன் அளவில் லார்ஜ், ட்ரிப் அட்டாக்குக்கு எல்லையே லார்ஜ்தான். ஸ்ட்ரெங்த் சேவ் (பலத்தால் தாக்குப்பிடிக்கும் பகடை உருட்டல்) தோற்றால் அது ப்ரோன், அதாவது நிலைகுலைந்துவிடும். பறக்கும்போது ப்ரோன் ஆனால் கீழே விழும். 10 அடிக்கு ஒரு டி6 (ஆறுமுகப் பகடை) சேதம், ஆக 10டி6, சராசரி 35. ஆனால் உங்கள் டி.எம். 2017-இல் வந்த ஸனாதர் புத்தகம் வைத்திருந்தால் சிக்கல். அதிலுள்ள விருப்ப விதிப்படி விழுந்த தூரத்தில் பறக்கும் வேகத்தைக் கழிக்க வேண்டும். வைவர்னுக்கு 80. மிச்சம் 20 அடி, வெறும் 2டி6. அதனால் அம்பு விடும் முன்பே டி.எம்.மிடம் கேட்டுவிடுங்கள். அப்புறம், எந்த மான்ஸ்டரானாலும் பறக்கும் வேகத்துக்குப் பக்கத்தில் ‘ஹோவர்’ (அந்தரத்தில் நிலைத்து நிற்பது) என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விழாது.

தக்கலை: ஃப்ளை மந்திரத்தில் பறக்கிற மந்திரவாதி?

விழமாட்டான், மந்திரம் தாங்குகிறது. கான்சன்ட்ரேஷனை (மந்திரத்தைப் பிடித்து வைக்கும் கவனத்தை) உடையுங்கள்.

குலசேகரம்: மிதக்கும் கண் மான்ஸ்டர் பீஹோல்டர்?

ஹோவர்.

அரல்வாய்மொழி: காலே தரையில் இல்லாததை எப்படி இடறிவிட முடியும்? எங்கள் ஊர் ஆடிக்காற்றில் பருந்து விழுந்தா போகிறது?

நீங்கள் பாத்ஃபைண்டர் (இதே மாதிரி இன்னொரு விளையாட்டு) ஆடுகிறவர் போல. 2009-இல் வந்த அதன் முதல் பதிப்பில் பறப்பதை ட்ரிப் பண்ணவே முடியாது. 2019-இல் இரண்டாம் பதிப்பில் அவர்களே மாற்றிவிட்டார்கள்; பறக்கும்போது ப்ரோன் ஆனால் விழும். ப்ரோன் என்றால் நிலைகுலைவு, அதற்குக் கால் எதற்கு? காற்று பருந்தைத் தாங்கத்தான் செய்கிறது. இறக்கையை ஒரு கணம் முறுக்கிப் பிடித்தால் தாங்குமா?

அரல்வாய்மொழி, மறுபடியும்: அப்படியானால் பாம்பையும் ப்ரோன் ஆக்கலாமோ?

தாராளமாக. மலைப்பாம்புக்கு ‘ப்ரோன் ஆகாது’ என்ற விலக்கு எதுவும் எழுதவில்லை. விலக்கு இருந்தால் புத்தகமே சொல்லும். கூழ்க் கட்டி மான்ஸ்டரான ஜெலட்டினஸ் க்யூபுக்குச் சொல்லியிருக்கிறது. பாம்பு புரண்டு கிடந்து நீங்கள் பார்த்ததே இல்லையா?

குளச்சல்: கடலுக்கு மேல் வைத்து விழவைத்தால்?

சேதம் அதேதான். 2020-இல் வந்த டாஷா புத்தகத்தின் விருப்ப விதியில் மட்டும், தண்ணீரில் விழுபவர் ரியாக்‌ஷனைச் செலவழித்து அத்லெடிக்ஸோ அக்ரோபாட்டிக்ஸோ உருட்டி 15 எடுத்தால் பாதிச் சேதம்.

தக்கலை, மறுபடியும்: மந்திரம் இல்லை அண்ணே, பறக்கும் போஷன் (மருந்து) குடித்தவன்?

போஷனிலேயே ஹோவர் என்று எழுதியிருக்கிறது. கேட்கும் முன் ஒரு தடவை வாசியுங்கள், மக்கா.

வடசேரி: அடல்ட் ரெட் டிராகன்?

ஹ்யூஜ், லார்ஜைவிட ஓர் அளவு பெரியது. ட்ரிப் அட்டாக் வேலைக்கு ஆகாது. ஷவ் (கையால் தள்ளுவது) மட்டும் உங்களைவிட ஓர் அளவு பெரியது வரை செல்லும். என்லார்ஜ் (உருவைப் பெரிதாக்கும் மந்திரம்) வாங்கி லார்ஜ் ஆனால் தள்ளலாம், ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அதன் முதுகில் ஏறி நின்று தள்ளினால், அது விழும்போது நீங்களும் சேர்ந்துதான் விழுவீர்கள். உங்களுக்கும் 10 அடிக்கு ஒரு டி6. கழிக்கத்தான் பறக்கும் வேகம் கிடையாது.