ஹாம்பர்க் ஆர்டர்: வாடகை ஏற்றத்தை யார் தாங்குவது?

நண்பரே, சரக்கு வாங்கும் ஹாம்பர்க் பார்ட்டிக்கு சிஐஎஃப் விலை (சரக்கு, காப்பீடு, கப்பல் வாடகை மூன்றும் சேர்ந்த விலை) சொல்லிவிட்டீர்கள், பனியன் சரக்கு தயாராவதற்குள் கப்பல் வாடகை எகிறிவிட்டது என்கிறீர்கள். 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் மீது ஹவுதிகளின் தாக்குதல் தொடங்கியதிலிருந்தே ஐரோப்பா ரூட்டில் இந்தப் பாடுதான். செங்கடலைத் தவிர்த்து ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனால் பயணம் 10 நாளோ அதற்கு மேலோ கூடுகிறது, காலிக் கன்டெய்னர் பெட்டிக்கும் தட்டுப்பாடு வருகிறது.

ஃபார்வர்டர் (சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்பவர்) தந்த வாடகைக் கொட்டேஷனில் வேலிடிட்டி தேதியை, அதாவது அந்த விலை எதுவரை செல்லும் என்பதைப் பாருங்கள். கீழே சின்ன எழுத்தில் "சர்சார்ஜ் (கூடுதல் கட்டணம்), கப்பல் புறப்படும் நாளில் உள்ளபடி" என்று இருந்தால் அடி அங்கேதான் விழும். தூத்துக்குடியிலிருந்து கொழும்பில் பெரிய கப்பலுக்குச் சரக்கைக் கொண்டுசேர்க்கும் ஃபீடர் கப்பலின் கட்டணமும் சேர்ந்த முழுத்தொகையை எழுத்தில் வாங்குங்கள்.

இந்த ஆர்டருக்குப் பழைய, புதிய கொட்டேஷன் இரண்டையும் பார்ட்டிக்கு இன்றே அனுப்பி, வித்தியாசத்தில் பாதியைக் கேளுங்கள். தயங்க வேண்டாம், அவர்களுக்கும் நிலவரம் தெரியும். அடுத்த ஆர்டருக்கு எஃப்ஓபி விலையே (கப்பலில் ஏற்றும் வரைக்குமான விலை; கப்பல் வாடகை வாங்குபவர் பொறுப்பு) சொல்லுங்கள்.